மெஷின் கோளாறு

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எழுதியே தீர வேண்டும் என்று எடுத்திருக்கிறேன். தெருவில் ஒருத்தியிடம் சொன்னால் போதும், பீடிக்கடை திறப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். டைரிக்கு வாய் இல்லை.

செல்லத்தாய் அக்கா விழுந்துவிட்டாள். காலை ஏழு மணிக்கு பீடி இலை நறுக்க உட்கார்ந்தவள் கையிலிருந்து கத்திரிக்கோல் நழுவியிருக்கிறது. எடுத்திருக்கிறாள், மறுபடியும் நழுவியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணிப் பேச்சு குழறியிருக்கிறது. வீட்டார் முதலில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், பிறகு எண்ணெய் தேய்த்தார்கள், பன்னிரண்டு மணிக்குத்தான் எனக்கு ஆள் விட்டார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு நூற்றெட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர், "விழுந்தவுடனே கொண்டுவந்திருந்தா மூளையில உள்ள ரத்தக் கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம்" என்றாராம்.

வலது கையும் பேச்சும் போயின. உயிர் இருக்கிறது. அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

என் பெயரை எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் யாராவது இதை எடுத்துக் கோலம் போட்டுப் பழகுவார்கள். சண்முகக்கனி, வயது ஐம்பத்திரண்டு. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை. மூன்று வருடம் முன்புவரை நானும் இதே தெருவில் பீடி சுற்றியவள்தான். என் வீட்டுக்காரர் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

ஜூன் 10, செவ்வாய்

தூக்கம் வராததால் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். செல்லத்தாய் என்ற பெயருக்கு நேரே பிரஷர் எண் இருக்க வேண்டிய இடத்தில் என் கையெழுத்தில் 'மெஷின் கோளாறு' என்று இருக்கிறது. மார்ச், ஏப்ரல், மே, மூன்று மாதமும்.

மெஷின் என்று நாங்கள் சொல்வது கையில் துணிப்பட்டை கட்டி பட்டனை அமுக்கினால் தானாக பிரஷர் காட்டும் கருவி. சிலர் கையில் கட்டினால் எண்ணுக்குப் பதில் பிழை என்று காட்டும், அல்லது எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இதயம் மின்னும். அது மின்னினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. நான் பேட்டரியை மாற்றுவேன். அப்படியும் மின்னினால் 'மெஷின் கோளாறு' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

மெஷினையே சோதித்துவிடுவோம் என்று இன்று காலையில் என் கையில் கட்டி அமுக்கினேன். எனக்கும் அந்த இதயம் மின்னியது. எனக்கு ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். அப்படியென்றால் மெஷின்தான் கெட்டிருக்கிறது. பதிவேட்டில் இப்படி எழுதிய ஏழு பேருக்குக் கீழே, பெயர் போடாமல் தேதியை மட்டும் எழுதி, 'மெஷின் கோளாறு' என்று எட்டாவது வரியாக எழுதினேன். புது மெஷின் கேட்டுப் போன் செய்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

புது மெஷின் வந்தது. முதல் வீடே முப்புடாதி மதினி வீடு. என் வீட்டுக்காரரின் அக்கா. வயது அறுபத்து நாலு, எங்கள் தெருவிலேயே கை வேகம் அதிகம், ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. இந்த வேலைக்கு மதினியும் எழுதிப்போட்டாள், எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறாள், அதுவும் வேறு யாரிடமோ பேசுவது போல.

கட்டினேன், அமுக்கினேன். இதயம் மின்னியது.

"மேடத்துக்கு சர்க்காரு நல்ல மிசினு குடுக்கலையா, இல்ல அமுக்கத் தெரியலையா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள் மதினி.

புது மெஷினும் சொத்தை.

ஜூன் 16, திங்கள்

சுகாதார நிலையத்தில் மாதக் கூட்டம். இரண்டு மெஷினையும் நர்ஸ் ஞானசவுந்தரி சிஸ்டரின் மேஜையில் வைத்து, "ரெண்டும் கோளாறு சிஸ்டர். பேட்டரி மாத்தியே என் வெரலு தேஞ்சு போச்சு" என்றேன். பதினேழு பேர் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "கனியக்கா, பேட்டரி அடையாளம் இந்தா, இந்த மூலையில இருக்கு. இந்த இதயம் மின்னிச்சுன்னா நாடி ஒழுங்கா அடிக்கலன்னு அர்த்தம். மிசினு நல்லாத்தான் இருக்கு."

பிறகு பலகையில் வரைந்து காட்டினார். இதயத்தின் மேல் அறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள வேண்டும். சிலருக்கு அவை தள்ளாமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நாடி தாறுமாறாக ஓடும். தள்ளாத ரத்தம் மூலையில் தேங்கி, அசையாமல் வைத்த பால் ஆடை கட்டுவது போலக் கட்டி தட்டும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் கையோ காலோ பேச்சோ போகும். சிலருக்குப் படபடப்பு இருக்கும், மேடு ஏறினால் இளைக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு வந்து வந்து போகும். கண்டுபிடித்து ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

"செல்லத்தாயக்காவுக்கும் இதுதானா சிஸ்டர்?"

"ஆமாக்கா. ஆஸ்பத்திரி சீட்டுல எழுதியிருக்காவ."

மெஷின் என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறது. மூன்று முறையும் நான் பேட்டரி மாற்றியிருக்கிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஊர் வரும்வரை அழுதேன்.

பத்தாம் தேதி என் கையில் கட்டிப் பார்த்ததைப் பற்றி எழுத இப்போது நேரமில்லை. உளுந்து ஊறப் போட வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பதிவேட்டில் 'மெஷின் கோளாறு' என்று எட்டு வரிகள். முதல் வரி செல்லத்தாய் அக்கா. அடுத்து ஆறு பேர், மதினியும் அதில் ஒருத்தி. எட்டாவது வரியில் பெயர் இல்லை, ஆகவே அது சேர்த்தி இல்லை. சிஸ்டரிடம் ஆறு பேர் என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்தத் தெருவில் இனி ஒரு கை விழக் கூடாது. பிள்ளையார் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆறு பேரையும் ஒரே ஆட்டோவில் ஏற்றி ஈ.சி.ஜி. எடுக்கக் கூட்டிப்போனேன். ரிட்டையர் ஆன தபால்காரர் ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சிதான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுக, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, துணைக்குத்தான் வாரேன்" என்றார். மதினி என்னோடு பேசவில்லை, ஆனால் வந்தாள். மற்ற ஐந்து பேரும் போகும்போது தான் மட்டும் போகாவிட்டால் ஏதோ விட்டுப்போகும் என்ற நினைப்பாக இருக்கும்.

மூன்று பேருக்கு இருக்கிறது. துணைக்கு வந்த அண்ணாச்சி, இட்லிக்கடை பிச்சம்மாள், மதினி. மற்ற மூவருக்கு நான் பட்டையைச் சரியாகக் கட்டவில்லை என்று தெரிந்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

"நீங்களும் சும்மா ஒரு தடவை எடுத்துருங்களேன்க்கா" என்றார் சிஸ்டர்.

"அடுப்புல பாலு வச்சுட்டு வந்துட்டேன் சிஸ்டர்."

அடுப்பு பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நல்ல வேளை, சிஸ்டர் அதை யோசிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

அண்ணாச்சியும் பிச்சம்மாளும் தென்காசி போய் எக்கோ எடுத்து மாத்திரை வாங்கி வந்துவிட்டார்கள். மதினி மட்டும் மாட்டேன் என்கிறாள்.

"எனக்கு என்ன நோவு? பாரு" என்று பீடித்தூள் பரப்பிய சுளகை மடியில் வைத்து, பேச்சோடு பேச்சாக இருபத்தைந்து பீடி சுற்றிக் கட்டாகக் கட்டி என் முன்னால் வைத்தாள். ஒன்றில்கூடக் கோணல் இல்லை. நடுங்கும் இதயத்தை வைத்துக்கொண்டு இத்தனை நேர்த்தியாகச் சுற்றுகிறது அந்தக் கை.

"மைனி, ஒரு அஞ்சு நிமிசம் எங்கூட வாங்க. அதுக்குப் பொறவு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று செல்லத்தாய் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அக்கா நாற்காலியில் இருந்தாள். எங்களைக் கண்டதும் எழப் பார்த்தாள், முடியவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்னவென்று எனக்குப் புரியவில்லை. மதினிக்கும் அக்காவுக்கும் நாற்பது வருடப் பழக்கம். ஒரே பீடிக்கடை, பக்கத்துப் பக்கத்து இடம். மதினி அந்தக் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். அக்காவின் விரல் நுனிகளில் இன்னும் பீடித்தூள் நிறம் போகவில்லை.

வெளியே வந்து தன் வீட்டு வாசலை எட்டிய பிறகு மதினி கேட்டாள்: "மாத்திர எப்பம் போடணும்?"

மூன்று வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ஒருவேளையும் தவறக் கூடாது, டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் கூடாது. மூவர் வீட்டுக்கும் போய் அட்டையை வாங்கிக் காலிக் குழிகளை எண்ணுவது என் புது வேலை. அண்ணாச்சி சரி. பிச்சம்மாள் சரி. மதினி அட்டையில் ஐந்து மாத்திரை கூடுதலாக இருந்தது.

"வெரத நாள்ல காலையில எப்படி மாத்திர போடுவேன்? செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும் நான் பச்சத்தண்ணி குடிச்சு இருக்கவ. ஆடி வேற பொறந்துட்டு. சாமிக்குன்னு இருக்கையில மருந்து தின்னா வெரதம் என்னத்துக்கு ஆகும்?"

கட்டி தட்டும் ரத்தத்துக்குச் செவ்வாய் வெள்ளி தெரியாது என்று கத்தினேன். "சாமிய எதுத்துப் பேசாத" என்று அவளும் கத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். நெஞ்சு படபடவென்று அரை மணி நேரம் அடித்தது. சண்டை போட்டால் யாருக்கும் அடிக்கும்.

ஜூலை 25, வெள்ளி

குளிக்கும்போது யோசனை வந்தது, ஈரத் தலையோடு ஓடினேன். மதினி அப்போதுதான் சாமி கும்பிட்டுவிட்டு, எப்போதும் செய்வது போலத் திருநீற்றை நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகையை வாயில் போட்டு, செம்புத் தண்ணீரில் ஒரு மிடறு குடித்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, துன்னூறு வாயில போட்டா வெரதம் கெடுமா?"

"துன்னூறு எப்படி கெடுக்கும்? அது சாமி பிரசாதம்."

"அப்பம் இந்த மாத்திரைய சாமி படத்துக்கு முன்னால வைங்க. துன்னூத்துத் தட்டுலயே வைங்க. துன்னூறோட சேத்து வாயில போட்டு, அந்த ஒரு மொடக்குத் தண்ணியக் குடிங்க. வெரதமும் நிக்கும், கையும் நிக்கும்."

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மாத்திரையைத் தட்டில் வைத்தாள். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு யாரிடமோ அனுமதி கேட்டாள். கிடைத்திருக்க வேண்டும். முழுங்கினாள்.

"ஏளா, உனக்குக் கூறு இருக்கு" என்றாள். மேடம் போய் ஏளா வந்துவிட்டது! சுகாதார நிலைய டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாம், தப்பில்லை என்றார். துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. வயதை நினைத்து விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதினிக்கு மூக்கில் ரத்தம். "கனி குடுத்த மாத்திரைதான் ரத்தத்தத் தண்ணியாக்கிட்டு" என்று தெருவே பேசியது. பிச்சம்மாள் பயந்து தன் அட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள்.

மதினியை உடனே ஆட்டோவில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா, "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்க, ஒன்றுமில்லை என்று சாதித்தாள். கடைசியில் அவள் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. முதுகுவலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் மாத்திரை, தினம் இரண்டு. அது மாத்திரைக் கணக்கிலேயே அவளுக்கு வரவில்லை. நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் எங்களுக்கு அது வெற்றிலை பாக்கு மாதிரி. நானும் இருபது வருடம் தின்றவள், எனக்கல்லவா முதலில் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்?

அதுவும் இதுவும் சேர்ந்தால் ரத்தம் கசியுமாம். அதை நிறுத்தி வலிக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் பிச்சம்மாளின் பரணில் நானே ஏறி அட்டையை எடுத்துக் கொடுத்தேன். இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி மேட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வெயில்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணச் சொல்லித் தெருப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துத் தோற்றுப்போனேன். மதினி வீட்டுத் தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே பீடி சுற்றுகிறார்கள். மனசுக்குள் ஏற்கெனவே பீடி எண்ணிக்கை ஓடும்போது நாடியை எங்கே எண்ணுவது? இருபத்தைந்து வந்ததும் நூலைத் தேடுகிறார்கள்.

மதினிதான் வழி கண்டுபிடித்தாள். பக்கத்தில் இருந்தவளின் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த கத்திரிக்கோலால், இலை வெட்ட அளவு வைக்கும் அச்சுத் தகரத்தில் தட்டினாள். நாடி ஒரு முறை துடித்தால் ஒரு தட்டு. டக், டக், டக், டக் என்று சீராக வந்தது. பிறகு தன் கையை அவளிடம் நீட்டி, "இப்பம் எனக்குத் தட்டு" என்றாள்.

டக், டக்டக், ஒன்றுமில்லை, டக், டக்டக்டக்.

கொட்டகை முழுக்கக் கை ஓய்ந்துவிட்டது. எண்ணத் தெரிய வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம். காது இருந்தால் போதும்.

டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவளுக்குத் தட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தட்டு தவறினால் சிஸ்டரிடம் போக வேண்டும். தட்டில் தெரிவது சந்தேகம்தான், ஈ.சி.ஜி.தான் முடிவு என்பதையும் பத்துத் தடவை சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வெற்றி! கீழத்தெரு ஞானப்பூவுக்கும், கொட்டகைக்கு இலை கொண்டுவரும் சுடலைமணிக்கும் தட்டு தவறியிருக்கிறது. ஈ.சி.ஜி.யில் இரண்டு பேருக்கும் உறுதி. மெஷின் இல்லை, நான் இல்லை, கத்திரிக்கோலும் தகரமும் கண்டுபிடித்திருக்கின்றன. ஞானசவுந்தரி சிஸ்டர் போனில், "கனியக்கா, உங்க தெரு எங்களுக்கு மேல போயிட்டு" என்றார். இதை இங்கே எழுதிவிட்டு நானே ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

கொட்டகையில் எனக்கும் தட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

காப்பியை விட்டுப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாங்கள் தகரத்தில் தட்டுவதைப் பார்க்க மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருகிறாராம், வருகிற திங்கட்கிழமை. போட்டோ எடுப்பார்களாம். கொட்டகைக்கு வெள்ளையடிக்கிறார்கள். மதினி கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெரிய டாக்டர் வந்தார். இளநீர் குடித்தார். மதினி கூச்சமில்லாமல் பேசினாள், நானாக இருந்தால் பாதியில் உளறியிருப்பேன். "முதல்ல கோளாறு உள்ள நாடிய தட்டிக் காமிக்கேன் சார்" என்று தன் கையை ஞானப்பூவிடம் கொடுத்தாள். தட்டு தாறுமாறாக வந்தது. டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இப்பம் நல்ல நாடி எப்படி இருக்கும்னு கேளுங்க. வேற யாரு எதுக்கு, சர்க்காரு ஆளு கையே இங்ஙன இருக்கே!" என்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

நான் இழுத்தேன். பீடி சுற்றும் கைப்பிடி, விடவில்லை.

டக். டக்டக். டக். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. டக்டக்டக்.

சிரித்துக்கொண்டிருந்த மதினியின் முகம் மாறியது. தட்டுவதை நிறுத்தாமல் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினாள், எங்காவது சீராகிவிடாதா என்று பார்ப்பவள் போல. சீராகவில்லை. கொட்டகையில் எல்லோருக்கும் கேட்டது. இந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

"ஏளா கனி" என்றாள் மதினி. "எத்தன நாளா?"

பெரிய டாக்டர் எழுந்து வந்து தானே என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இவங்க செய்றது சரியா வேலை செய்யுதான்னு பார்க்க வந்தேன்" என்றார். "செய்யுது."

அக்டோபர் 8, புதன்

மதினி என்னை ஈ.சி.ஜி. அறை வாசல்வரை பிடித்த பிடி விடாமல் கொண்டுபோனாள். இருக்கிறது. வந்து வந்து போகும் வகையாம். எக்கோவும் எடுத்தாகிவிட்டது, வால்வில் குறையில்லை. "பிரஷரும் இருக்கு, சுகரும் இருக்கு. அதனால ரத்தம் கட்டாம இருக்கிற மாத்திரை உங்களுக்குக் கண்டிப்பா வேணும்" என்றார் டாக்டரம்மா. பிரஷர் மாத்திரையை நான் போடும் நாளும் உண்டு, மறக்கும் நாளும் உண்டு. அதையும் சொல்லிவிட்டேன்.

உண்மையை இன்றைக்காவது எழுதுகிறேன். ஜூன் பதினாறிலிருந்து எனக்குத் தெரியும். இதய நோயாளி எப்படிப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவாள் என்று கேட்டு வேலையை எடுத்துவிடுவார்கள், பை மதினியிடம் போய்விடும் என்று பயந்தேன். நாலு மாதம் அந்தப் பயத்தோடு எல்லார் வீட்டு அட்டையையும் எண்ணினேன்.

அக்டோபர் 9, வியாழன்

மாத்திரை பையில் இருக்கிறது. நாளையிலிருந்து.

அக்டோபர் 11, சனி

நாளையிலிருந்து.

அக்டோபர் 13, திங்கள்

காலை ஏழு மணிக்கு மதினி வந்தாள். கையை நீட்டி, "அட்டையக் காமி" என்றாள். நான் எல்லோரிடமும் சொல்லும் அதே சொல், அதே குரல். கொடுத்தேன். ஒரு குழிகூடத் திறக்கவில்லை.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "வா" என்றாள். பின்னாலேயே போனேன். செல்லத்தாய் அக்கா வீடு.

ஜூலையில் பார்த்த அக்கா இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. வலது கை மடியில் அப்படியே கிடக்கிறது. நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். நாலு மாதமாகச் சொல்லாததைச் சொன்னேன். மூன்று முறை மெஷின் காட்டியதையும், நான் பேட்டரி மாற்றியதையும், பதிவேட்டில் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன். "ஒங்க கை போனது என்னாலதான் யக்கா. நான் மட்டும் என்னத்துக்கு மாத்திர போட்டுத் தப்பிக்கணும்?" என்று கேட்டபோதுதான், இத்தனை நாளாக மாத்திரையை ஏன் பிரிக்கவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அக்கா அழுவாள், அல்லது அறைவாள் என்று நினைத்தேன்.

"மூ...ணு தட...வ" என்றாள். "கிறுக்கி."

பிறகு சொல்லைத் தேடித் தேடி எடுத்தாள். "நீயும்... விழுந்தா... தெருவுக்கு... ஆரு... இருக்கா?"

மதினி சாமி படத்துக்கு முன்னால் இருந்த திருநீற்றுத் தட்டை எடுத்து வந்தாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அதில் வைத்தாள். தட்டை என்னிடம் நீட்டாமல் அக்காவிடம் நீட்டினாள். அக்கா இடது கையால் திருநீற்றோடு சேர்த்து அந்த மாத்திரையை எடுத்தாள். ஒரு முறை நழுவித் தட்டிலேயே விழுந்தது. மதினி உதவிக்குப் போகவில்லை. அக்கா தானே குனிந்து தட்டிலிருந்து மறுபடி எடுத்தாள்.

"வாய... தொற."

திறந்தேன். மதினி செம்பைத் தூக்கி ஒரு மிடறு தண்ணீர் ஊற்றினாள். விழுங்கினேன். விழுங்கிவிட்டுச் சிறுபிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன். அக்கா என் தலையில் இடது கையை வைத்துக்கொண்டாள்.

"ஒன் பை எனக்கு எதுக்குளா?" என்றாள் மதினி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே. "நான் ஆயிரம் சுத்துதவ. நீதான் எந்திச்சு வீடு வீடா நடக்கணும், வேல நெறைய கெடக்கு." நான் பயந்ததை இவளிடம் யார் சொன்னது என்று தெரியவில்லை. நாற்பது வருடமாக விரல் நுனியில் வேலை செய்பவள், நாடியில் இதையும் பார்த்திருப்பாள்.

வேலை போகவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டே தாராளமாக நடக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்று பதினைந்து வீடு பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி மேட்டில் இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினேன். போன வீடெல்லாம், "கனியக்கா, காலையில மாத்திர போட்டியளா?" என்று என்னிடம் கேட்டார்கள். பிச்சம்மாள் ஒரு படி மேலே போய் என் அட்டையை வாங்கிக் குழியை எண்ணினாள்.

சாயங்காலம் பதிவேட்டை எடுத்தேன். எட்டாவது வரி, பெயர் இல்லாத வரி. 'மெஷின் கோளாறு' என்பதை ஒரே கோடாக அடித்தேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நான் யாருக்கும் எழுதாத அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதினேன்: சண்முகக்கனி, வயது 52, நாடி ஒழுங்கில்லை, மாத்திரை போட்டாச்சு.